பயப்படுவதற்குச் சம்பளம்

அவர் முகத்தை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தபோது, பசறை ரோட்டோரத் தண்ணீர்க் கானில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு புதுக் காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காரில் ஏறிய சந்தோஷம் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு துரை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். மேட்டின் உச்சியில், இறக்கம் தொடங்கும் இடத்தில், வண்டி நின்றது. டிரைவர் இறங்கிப் போய்க் கானுக்குள் குனிந்தார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

"எல்லாரும் எறங்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அப்பாவோ அண்ணனோ புருஷனோ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பாம்புக்கும் கங்காணிக்கும் துரையின் பூட்சுக்கும் பயந்தவர்கள்தான் எல்லோரும். வாயைத் திறந்து சொன்னவர் கிடையாது.

"என்னாண்ணே, டைவரே பயந்தா நாங்க என்னா செய்யிறது?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"நீங்க எறங்குறது" என்றார் அவர்.

இறங்கினோம். அவர் தனியாக ஏறி வண்டியை விட்டார். முதல் வளைவில் கார் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கல்லில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். கார் மலைப் பக்கத்து மண்மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டாக உடைந்த ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார்.

"பிரேக்குக் கம்பி" என்றார். "மேட்டுல ஏறும்போதே ஒரு மாதிரி கிணுகிணுன்னுச்சு."

நான் ரோட்டின் மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தேன். தேயிலைச் செடிகளின் தலைகள் கிணற்றின் அடியில் தெரிவது போல் தெரிந்தன. அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்று முழுவதும் மறுபடி சிரிக்கவில்லை.

பதுளையில் அப்போது ஒரு முதலாளி மோட்டார் கராஜ் வைத்திருந்தார். பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கும் வண்டிகளை ஒன்றாகப் பூட்டித் தோட்டத்துத் துரைமாருக்கு விற்பார். பழுதான வண்டிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பார். எந்த வண்டியும் கராஜை விட்டுப் போவதற்கு முன்னால் அதை மலையில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். அதற்கென்று வைத்திருந்த ஆள்தான் இவர். வெறும் வண்டியை ஓட்டினால் அதன் குணம் தெரியாதாம். பாரம் வேண்டும். மணல் மூட்டையை ஏற்றி இறக்க நாலு ஆள் வேண்டும். ஆட்களையே ஏற்றிவிட்டால் தாங்களே ஏறித் தாங்களே இறங்கிக்கொள்வார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் கங்காணியிடம் சொல்லி வைத்தார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்திலிருந்து ஐந்தாறு பேர் கராஜுக்குப் போவோம். ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும். வண்டியில் போகலாம் என்பதற்காகவே போட்டி போட்டுக்கொண்டு போனோம். நாங்கள் எடைதான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தக் கம்பியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்படியிருந்தும் மறுபடி போனேன். ஏன் என்று கேட்டால், அவர் இருந்தார். தனக்குப் பயம் வந்தால் நம்மை இறக்கிவிடும் மனுஷன். கங்காணிக்கோ கணக்கப்பிள்ளைக்கோ அந்தப் புத்தி கிடையாது.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. காக்கிக் கோட்டு ஒன்று, அதற்குள் சட்டை இருக்காது. முன்பு ஹல்துமுல்லைப் பக்கம் மாட்டு வண்டி ஓட்டியவர் என்றும், பள்ளத்தில் போன ஒரு வண்டியின் கீழிருந்து கூட்டாளியை இழுத்து எடுத்தவர் என்றும் கராஜில் பேசிக்கொள்வார்கள். அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. கராஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தனியாக இருந்தார்.

ஓட்டத்துக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் முகத்தைக் கொண்டுபோய் முகர்வார். இறக்கம் முடிந்ததும் உள்ளங்கையைச் சக்கரத்தின் நடுவில் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். ஓட்டும்போது பேச மாட்டார்; நாங்கள் பேசினாலும் "உஸ்" என்பார். நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கும். ஓட்டம் முடிந்து கராஜுக்குள் வண்டி நின்றதும் சாப்பிட உட்காருவார். அவர் சாப்பிடுவதைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போவோம். எங்கள் ஐந்து பேர் ரொட்டியை அவர் ஒருவரே தின்பார்.

ஒரு நாள் நான் கேட்டேன். "ஏன் டைவரண்ணே, இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு இந்த வேல எதுக்கு?"

"பயம் இல்லாதவன் இந்த வேலைக்கு ஆவ மாட்டான் தாயி" என்றார், ரொட்டியை மென்றுகொண்டே. "பயம் வந்தா உடனே வாயால சொல்லிறணும். வயித்துக்குள்ள வச்சிக்கிட்டா கைக்கு வந்துரும். கைக்கு வந்துட்டா வண்டி போச்சு."

அவருடைய பயம் எல்லா நேரமும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஒரு துரை, தான் வாங்கப்போகும் காரில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். நாங்கள் பின்னால் நான்கு பேர். பாதி இறக்கத்தில் இவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கினார். இனிமேல் ஓட்ட மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். துரைக்கு முகம் சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றி அதனாலேயே இவர் தலையில் அடித்தார். ஒரு அடி இல்லை, நாலைந்து. எங்கள் முன்னால். பிறகு துரை தானே ஓட்டும் சக்கரத்தைப் பிடித்துப் பதுளை வரை ஓட்டிக்கொண்டு போனார். ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் நடந்து இறங்கினோம்.

"ஒண்ணும் ஆகலையே" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதில் ஏளனம் இருந்தது.

"பத்துல ஒம்பது தடவ ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். "அந்த ஒம்பது தடவையும் இப்பிடி அடி வாங்கணும். அதுக்குத்தான் என்னய வச்சிருக்காங்க." தலையைத் தடவிக்கொண்டார். அவமானப்பட்ட ஆள் போலவே தெரியவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது.

ஆனால் முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. வாங்க வந்தவர் முன்னால் டிரைவர் பயந்தால் வண்டி விற்குமா?

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒரு லொறி வந்தது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு. பின்னால் பலகை பெஞ்சுகள் போட்டு, ஆட்களையும் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றலாம் என்று கட்டியிருந்தார்கள். பாரம் நிறைய வேண்டும், பதினாறு பேர் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். என் மதினி, அதாவது என் அண்ணன் பெண்சாதி, அதுவரை வண்டி ஏறியதே இல்லை. கைப்பிள்ளைக்காரி. பிள்ளைக்கு ஏழு மாதம். அண்ணன் வேண்டாம் என்றான்.

"ஒரு வேளைதானேண்ணே. பிள்ளைய பக்கத்துக் காம்பராவுல குடுத்துட்டு வரட்டும். நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கராஜில் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனபோது கொட்டகைக்குள் முதலாளியின் குரல் கேட்டது.

"லொறிய வாங்குற தொர தன் கார்ல பின்னாலயே வாறாரு. இன்னிக்கு அவரு முன்னால வாயைத் தொறந்து பயம் கியம்னு சொன்னியோ, நாளைக்கே மாட்டு வண்டிக்குப் போயிரு. வெளங்குச்சா?"

நான் அங்கிருந்து திரும்பும்போது அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

நாங்கள் லொறியில் ஏறும்போது அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போல் சக்கரங்களை முகர்ந்தாரா என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஒன்றுதான். அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. சாதாரண நடுக்கம் இல்லை. குளிர்க்காய்ச்சல்காரன் கை மாதிரி. அதைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்தாரோ, சொல்லிவிடாதே என்று கெஞ்சினாரோ, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இறங்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் மதினி என் கையைப் பிடித்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எவ்வளவு பெருமை அடித்து அழைத்து வந்திருந்தேன். அவளைத் தூக்கி ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

மேட்டில் ஏறும்வரை எல்லோரும் பாட்டும் கூச்சலுமாக வந்தார்கள். உச்சியில் வண்டி நிற்கும் என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை. நேராக இறக்கத்தில் இறங்கியது. இரண்டாவது வளைவில் கருகிய நாற்றம் வந்தது. மூன்றாவது வளைவில் மரங்கள் எங்களை நோக்கி ஓடி வருவது போல் இருந்தது. யாரோ "ஐயோ, நிறுத்துங்க" என்று கத்தினார்கள். அவர் நிறுத்தத்தான் பார்த்தார். லொறியை மலைப் பக்கம் திருப்பி மேட்டோடு மேடாக உரசவிட்டார். அது மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் பதினாறு பேரும் பள்ளத்தில்தான். ஆனால் சக்கரம் கானுக்குள் இறங்க, லொறி மெதுவாக, மிகவும் மெதுவாக, நாங்கள் இருந்த பக்கமாகவே சாய்ந்தது.

எழுந்தபோது என் வாயில் மண். கைகால் எல்லாம் இருந்தது. மதினியின் சேலை பலகைக்குக் கீழே தெரிந்தது. அவர் எப்படியோ வெளியே வந்து அந்தப் பலகையைத் தனியாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் பிய்ந்து இரண்டு கையிலும் இரத்தம். "எனக்குப் பயமா இருந்துச்சு, எனக்குப் பயமா இருந்துச்சு" என்று கத்தினார். திரும்பத் திரும்ப அதையே கத்தினார். பின்னால் காரில் வந்த துரை இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பலகையைத் தூக்கியபோது மதினிக்கு உயிர் இல்லை. முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. அதுதான் என்னால் நம்ப முடியாமல் இருந்தது.

அன்றிரவு பால் கேட்டு அழுத பிள்ளையை நான்தான் தூக்கி வைத்திருந்தேன். அண்ணன் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அந்த டைவர வெட்டாம விட மாட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

பதுளைக் கோர்ட்டுக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் உரக்க வாசித்தார்கள். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஆகையால் அவர் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. முதலாளி வக்கீல் வைத்திருந்தார். பிரேக்கு புதியது, ரோட்டில் கல் உருண்டு கிடந்தது, விபத்து என்று வக்கீல் சொன்னார். டிரைவரும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

வெள்ளைக்கார நீதவான் கேட்டதைப் பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். இவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார்.

"கல்லு ஒண்ணும் கெடக்கலீங்க. மேட்டுலயே பிரேக்கு சரியில்லன்னு தெரிஞ்சிச்சு. கராஜ விட்டுப் பொறப்படும்போதே பயமா இருந்துச்சு. சொல்லல."

"ஏன் சொல்லவில்லை?"

"சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாரு. ஆனா அது காரணம் இல்லீங்க. பயப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அன்னிக்கு நான் அந்த வேலயச் செய்யல."

முதலாளி எழுந்து பொய் என்று கத்தினார். முதலாளி அப்படிச் சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா என்று நீதவான் கேட்டார். டிரைவருக்குத் தெரியும். நான் அந்த நேரம் கொட்டகைப் பக்கமிருந்து வந்ததை அவர் பார்த்திருந்தார். அவருடைய பார்வை எங்கள் பெஞ்சில் ஒவ்வொருவர் மேலும் போய், என் மேல் வந்து, நிற்காமல் என் பக்கத்தில் இருந்த அண்ணன் மேல் போனது.

"இல்லீங்க. ஒருத்தரும் கேக்கல. ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது."

நான் எழுந்திருக்கவில்லை. முதலாளி வெளியே போனார். இவர் உள்ளே போனார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய நேரம், அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ரோட்டிலிருந்து எல்லோரும் பார்க்கும்படி நடந்து வந்து அண்ணன் காம்பராவின் வாசலில் நின்றார். ஜெயிலில் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதே காக்கிக் கோட்டு.

"வெட்டணும்னு சொன்னீங்களாம். வந்திருக்கேன்" என்றார்.

லயம் முழுக்க வெளியே வந்துவிட்டது. அண்ணன் உள்ளே போய்க் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்தான். தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் நறுக்கும் கத்தி. அவர் கத்தியையே பார்த்தார். "பயமா இருக்கு" என்று சொன்னார். ஆனால் ஒரு அடி பின்னால் போகவில்லை. அண்ணன் கையை ஓங்கியதைப் பார்த்தேன்.

"அண்ணே, நில்லு!" என்று கத்தினேன். அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. முதலாளி மிரட்டியதை நான் கேட்டேன் என்றேன். கை நடுங்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். பார்த்துவிட்டுத்தான் மதினியைத் தூக்கி ஏற்றினேன், வெட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்து வெட்டு என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அறைந்திருந்தால் கூட அப்படி இருந்திருக்காது. கத்தி அவன் கையிலிருந்து தானாக விழுந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என்னிடம் திரும்பினார். அவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஏன் தாயி சொன்ன? உனக்காகவா கோர்ட்டுல நான் மறைச்சேன்? பொஞ்சாதி போயிட்டா. தங்கச்சியாவது இருக்கட்டும்னு நெனச்சேன். வெறுக்குறதுக்கு நான் ஒருத்தன் போதும் அந்த மனுசனுக்கு. இப்ப பாரு, அதயும் புடுங்கிட்ட."

அவ்வளவுதான் சொன்னார். கீழே கிடந்த கத்தியை எடுத்து, கதவோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு நடந்து போனார். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. லுணுகலைப் பக்கம் ரோட்டு வேலையில் கல் உடைக்கிறார் என்று ஒருவர் சொன்னார். வேறொருவர் இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்.

அவர் சொன்னபடியே ஆனது. அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர். வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காலையில் ஒரே வரிசையில் நிற்போம். நான் இருக்கும் பக்கம் அவன் முகம் திரும்பாது. பிள்ளையை மட்டும் என்னிடமிருந்து பிரிக்கவில்லை. அவள் என் கையில்தான் வளர்ந்தாள்.

அவளுக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது ஒரு சாயங்காலம் என் அடுப்பங்கரைக்கு ஓடி வந்தாள்.

"அத்தே, அம்மா கடைசியா என்னா சொன்னாங்கன்னு அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

என் கை மாவில் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை அது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"பாப்பா அழுவும், சுருக்கா வீட்டுக்குப் போவணும்னு சொன்னா. உங்க அப்பா பேரயும் சொன்னா. அப்படியே போய்ச் சொல்லு."

பிள்ளை ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் அழுவது கேட்டது. மதினி செத்த அன்று கூட அவன் அழுது நான் கேட்டதில்லை.

உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது, "தள்ளி உக்காரு, இடிக்கிற" என்பது. நான் தள்ளி உட்காரவில்லை.